குளிக்க மறுக்கும் பிள்ளை: மனநோயுற்ற இளையோரின் உடல் தூய்மையைக் காக்கும் வழி

கந்தையானாலும் கசக்கிக் கட்ட வேண்டும், கூழானாலும் குளித்த பிறகே குடிக்க வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, பால் வெட்டி, பால் எடுத்து, நிறுவைக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் தொழிலாளி, உடம்பில் ஒட்டிய பால் வாடையும் வியர்வையும் போகக் குளித்த பின்னரே சோற்றுத் தட்டின் முன் அமர்வார். குளியல் நமக்கு உடல் தூய்மை மட்டுமன்று; மதிப்புமாகும். ஆகவே, வளர்ந்த பிள்ளை ஒன்று நாள் கணக்கில் குளிக்காமல் வீட்டில் கிடப்பதை நம்மால் எளிதில் பொறுத்துக்கொள்ள இயலுவதில்லை.

இத்தகைய ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். தந்தையும் தாயும் பால்வெட்டுத் தொழிலாளர்கள். மூத்த மகனுக்கு வயது 16. சென்ற ஆண்டுவரை தோட்டத்துத் திடலில் பந்து விளையாடி, தலைக்கு எண்ணெய் வைத்து, சட்டைக்குப் பெட்டி போட்டு இடைநிலைப்பள்ளிக்குச் சென்று வந்த பையன் அவன். சில மாதங்களாக அவன் போக்கு மாறிவிட்டது. நண்பர்களிடம் பேசுவதில்லை. இரவில் விழித்திருந்து பகலில் உறங்குகிறான். உடுத்திய சட்டையை ஒரு வாரமாக மாற்றவில்லை. அருகில் சென்றால் வாடை வீசுகிறது. தங்கை அவனுடன் ஒரே பாயில் அமர மறுக்கிறாள். பக்கத்து வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுகின்றனர். ஒரு நாள் மாலை, பொறுமை இழந்த தந்தை அவனைக் கையைப் பிடித்து இழுத்துச் சென்று, வாளித் தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றிவிடுகிறார். அன்றிரவு முதல் அந்தப் பையன் அறைக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறான். தாய் கொடுக்கும் சோற்றையும் வாங்குவதில்லை.

தந்தை கெட்ட எண்ணத்தோடு அவ்வாறு செய்யவில்லை. பிள்ளை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அக்கறையே அவரைச் செய்யத் தூண்டியது. எனினும், அன்று உடம்பில் இருந்த அழுக்கு போயிற்றேயன்றி, அப்பிள்ளைக்குப் பெற்றோர் மீதிருந்த நம்பிக்கையும் அதனுடன் போய்விட்டது. இழந்த அந்த நம்பிக்கை இல்லாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் அரிது. மருந்து கொடுப்பதும் அரிது. இந்நிலை நம் வீடுகளில் நேராதிருக்க நாம் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்குக் காண்போம்.

சோம்பல் அன்று, நோயின் அடையாளம்

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, 10 வயது முதல் 19 வயது வரையுள்ள இளையோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்கின்றனர். மனநோய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்னரும், பாதி 18 வயதுக்கு முன்னரும் தொடங்குகின்றன. ஆகவே, இஃது எங்கோ ஒரு வீட்டில் மட்டும் நேரும் செய்தி அன்று. ஏழையென்றும் செல்வரென்றும், தோட்டமென்றும் பட்டணமென்றும் இந்நோய் வேறுபாடு பார்ப்பதில்லை.

இந்நோய்களில் பலவற்றுக்கு முதலில் வெளியே தெரியும் அடையாளங்களுள் ஒன்று, தன்னைத் தான் பேணிக்கொள்ளாமைதான். அதற்குக் காரணங்கள் உள்ளன.

மனச்சோர்வு நோய் கண்டவருக்கு உடலில் வலு இருந்தும் எழுந்து செயற்படும் ஊக்கம் எழுவதில்லை. படுக்கையிலிருந்து எழுவது, துண்டை எடுப்பது, ஆடையைக் களைவது, நீரூற்றுவது, சோப்புத் தேய்ப்பது, துடைப்பது, மாற்றுடை அணிவது எனக் குளியலில் பல வேலைகள் அடங்கியுள்ளன. நமக்கு அவை ஒரே வேலையாகத் தோன்றும். நோயுற்ற பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஒரு மலையாகத் தோன்றும்.

மனச்சிதைவு நோய் கண்டவருக்கு ஊக்கக் குறைவோடு வேறு துன்பங்களும் சேரும். குழாய் நீரின் ஓசையில் யாரோ தம்மைத் திட்டுவது போலக் கேட்கலாம். நீரில் ஏதோ கலந்திருப்பதாக ஐயம் எழலாம். ஆடையைக் களைந்தால் யாரோ ஒளிந்து பார்ப்பதாக அச்சம் தோன்றலாம். நமக்குக் கேட்காத குரல் அவருக்கு மெய்யாகவே கேட்கிறது. 'அப்படி ஒன்றுமில்லை' என்று நாம் அதட்டுவதால் அக்குரல் அடங்கிவிடாது.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. சில பிள்ளைகள் மணிக்கணக்கில் குளியலறையை விட்டு வெளியே வருவதில்லை. கை சிவந்து தோல் உரியும்வரை கழுவிக்கொண்டே இருப்பார்கள். இதனை எண்ணச் சுழற்சி நோய் என்பர். சுத்தம் மிகுந்த பிள்ளை என்று பாராட்டி விட்டுவிடாமல், இவர்களையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காய்ச்சல் கண்ட பிள்ளையின் உடம்பு சுடுகிறது என்பதற்காக நாம் அதனை அடிப்பதில்லை. மனநோய் கண்ட பிள்ளை குளிக்காமல் இருப்பதும் அவ்வாறு நோயின் அடையாளமேயாகும். இவ்வுண்மையை வீட்டிலுள்ள அனைவரும் ஏற்றுக்கொண்டாலே பாதி வழி கடந்தவராவோம்.

முதலில் மருந்தகம்

மனத்தளர்ச்சி, தனித்திருத்தல், உறக்கக் கேடு, தன்னைப் பேணாமை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் காலம் தாழ்த்தலாகாது. இல்லாத குரல் கேட்பதாகவோ, பிறர் தனக்குத் தீங்கு செய்ய வருவதாகவோ பிள்ளை கூறினால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. கிளினிக் கெசிஹாத்தான் என வழங்கும் அரசாங்கச் சுகாதார மருந்தகத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். அங்குள்ள மருத்துவர் பிள்ளையைப் பார்த்து, தேவையானால் மருத்துவமனையின் மனநல நிபுணரிடம் அனுப்பிவைப்பார். மலேசியக் குடிமக்கள் அம்மருந்தகத்தில் செலுத்தும் வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளிதான்.

'தஞ்சோங் ரம்புத்தான்' என்ற பெயர் நம் மக்களிடையே நீண்டகாலம் ஒரு வசைச்சொல்லாகவே வழங்கி வந்திருக்கிறது. பேராக் மாநிலத்தின் அவ்வூரில் 1911-ஆம் ஆண்டில் மனநோயாளர்க்கான மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று அது உலு கிந்தா பகாகியா மருத்துவமனை எனப்படுகிறது. 'டாக்டரிடம் காட்டினால் பிள்ளையை அங்கே கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள்' என்ற அச்சத்தால் பல குடும்பங்கள் நோயை மறைத்தே வைத்திருந்தன. இன்றைய நிலை வேறு. 2001-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 2010-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. நோயாளர் வீட்டில் குடும்பத்தாருடன் வாழ்ந்துகொண்டே அருகிலுள்ள மருந்தகத்தில் மருந்து பெறுவதே இன்று பெரும்பாலோர்க்கு அளிக்கப்படும் சிகிச்சை முறையாகும். மெந்தாரி எனப்படும் சமூக மனநல நிலையங்களும் பல ஊர்களில் இயங்கி வருகின்றன. கடுமையான நிலையில் சிலரை மருத்துவமனையில் தங்கவைக்க நேரலாம். அதுவும் குணமாக்கி வீட்டுக்கு அனுப்புவதற்கேயாகும்.

கோவிலுக்குச் சென்று வேண்டிக்கொள்வதை நாம் தடுக்கவில்லை. அது குடும்பத்தாரின் மனத்துக்குத் தெம்பளிக்கும். ஆனால், பேய் பிடித்தது என்று சொல்லிப் பிள்ளையை அடிப்பதும், கட்டிவைப்பதும், மிளகாய்ப் புகை போடுவதும், மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்வதும் பெருந்தீங்காகும். அவ்வாறு கூறுபவர் யாராயினும் அவர் சொல்லைக் கேளாதீர்கள்.

மருத்துவரைக் காணும்போது கூச்சப்படாமல் உள்ளதை உள்ளவாறே கூறுங்கள். பிள்ளை எத்தனை நாளாகக் குளிக்கவில்லை, எத்தனை மணி நேரம் உறங்குகிறது, என்ன உண்கிறது என்பவற்றை ஒரு தாளில் குறித்துச் செல்வது நல்லது. குளியலைப் பற்றிய செய்தி மருத்துவருக்கு அற்பமானதன்று. நோய் கூடுகிறதா குறைகிறதா என்பதை அறிய அது பெரிதும் உதவும்.

சிறிதிலிருந்து தொடங்குக

மருந்து வேலை செய்யத் தொடங்குவதற்குச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரையிலும் அதற்குப் பின்னரும் வீட்டில் நாம் செய்யத்தக்கவை பல.

ரப்பர் மரத்தை நாம் நாள்தோறும் வெட்டுவதில்லை. ஒருநாள் வெட்டினால் மறுநாள் மரத்துக்கு ஓய்வு கொடுக்கும் முறை நாம் அறிந்ததே. அதேபோல், நோயுற்ற பிள்ளை தொடக்கத்திலேயே நாளுக்கு இருமுறை குளிக்க வேண்டும் என்று வற்புறுத்த வேண்டா. வாரத்திற்கு இரண்டு நாள் குளித்தால் போதும் எனத் தொடங்குவோம். பிறகு மூன்று நாளாக்குவோம். குளிக்காத நாள்களில் ஈரத் துண்டால் முகம், கழுத்து, அக்குள், மறைவிடம், பாதம் ஆகிய ஐந்து இடங்களைத் துடைத்துக்கொண்டால் வாடை பெரும்பாலும் நீங்கும்; தோல் நோயும் அண்டாது.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். விடியற்காலையில் நாம் வேலைக்குப் புறப்படும் பரபரப்பில், 'குளித்துவிடு' என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவதால் பயனில்லை. நோயுற்ற பிள்ளைக்குக் காலை நேரமே மிகக் கடினமானது. வேலை முடிந்து நாம் வீட்டிலிருக்கும் பிற்பகலோ மாலையோ ஏற்றது. நாமும் குளிக்கும் நேரம் அதுவே. 'நான் குளித்துவிட்டு வருகிறேன், பிறகு நீ' என்றால், அது கட்டளையாகத் தோன்றாமல் வீட்டு வழக்கமாகத் தோன்றும். நாள்தோறும் அதே நேரம் இருப்பது நல்லது.

குளியலறையை முன்னரே ஆயத்தம் செய்து வையுங்கள். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் சிறிது வெந்நீர் கலந்து வையுங்கள். துண்டு, சோப்பு, மாற்றுடை ஆகியவை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தேடிப் பிடிக்க வேண்டிய பொருள் ஒன்று குறைந்தாலும் பிள்ளை பாதியிலேயே திரும்பிவிடக்கூடும். மருந்தினால் தலை சுற்றும் பிள்ளைக்கு உட்கார்ந்து குளிக்க ஒரு முக்காலி போட்டு வைப்பது பாதுகாப்பானது. நீரின் ஓசைக்கு அஞ்சும் பிள்ளை இருந்தால், குழாயைத் திறந்துவிடாமல் வாளியில் நீரை முன்னரே நிரப்பி வையுங்கள். யாரோ பார்ப்பதாக அஞ்சினால், சன்னலுக்குத் திரை கட்டுங்கள். கதவுக்கு வெளியே தாயோ தந்தையோ சற்றுத் தள்ளி நின்று, 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று குரல் கொடுங்கள்.

வேலைகளைப் பிரித்துச் சொல்வதும் இன்றியமையாதது. 'போய்க் குளி' என்பது ஒரு சொல்லாயினும் அதனுள் பத்து வேலைகள் உள்ளன. 'துண்டை எடுத்துக்கொள்' என்று முதலில் கூறுவோம். அது முடிந்தபின் அடுத்ததைக் கூறுவோம். முதல் வாரத்தில் கால் கழுவுவதோடு நின்றாலும் குறையில்லை. அடுத்த வாரம் கை, முகம் என்று கூட்டிக்கொள்ளலாம்.

சொல்லும் முறை

இதில்தான் பெரும்பாலோர் தவறுகிறோம். 'நாற்றம் பொறுக்க முடியவில்லை', 'உன்னால் குடும்ப மானம் போகிறது', 'உன் வயதுப் பிள்ளைகளைப் பார்' என்னும் சொற்கள் நோயுற்ற பிள்ளையின் உள்ளத்தில் ஏற்கெனவே உள்ள இழிவுணர்ச்சியைப் பெருக்குமேயன்றி அதனைக் குளியலறைக்கு அனுப்பா. பால் வெட்டுவோர் நன்கறிந்த செய்தி ஒன்றுண்டு. கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் படும். அந்தப் பட்டை மீண்டும் வளரும்போது முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அவ்விடத்தில் செவ்வையாக வெட்ட இயலாது. கடுஞ்சொல்லும் அத்தகையதே.

இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். 'ஐயா, வெந்நீர் போட்டு வைத்திருக்கிறேன். இப்பொழுது குளிக்கிறாயா, கோப்பி குடித்த பிறகு குளிக்கிறாயா?' என்று தாய் கேட்கலாம். எந்தச் சோப்பு வேண்டும், எந்தச் சட்டை வேண்டும் என்பதையும் பிள்ளையே முடிவு செய்யட்டும். மறுத்தால் வாதிடாமல், 'சரி, சற்று நேரம் கழித்து மீண்டும் கேட்கிறேன்' என்று சொல்லி விலகுங்கள். சொன்னபடி மீண்டும் வந்து கேளுங்கள். அன்று முழுவதும் மறுத்தால் முகம் துடைக்க ஈரத் துண்டைக் கொடுத்து அத்துடன் விட்டுவிடுங்கள்.

குளித்து வந்த பிள்ளையிடம், 'இன்றைக்காவது குளித்தாயே' என்று இடித்துரைக்க வேண்டா. 'முகம் தெளிவாக இருக்கிறது' என்ற ஒரு சொல் போதும். குளித்த பின் பிள்ளைக்குப் பிடித்த ஒன்று நடக்கட்டும். பிடித்த பலகாரமாகவும் இருக்கலாம், தந்தையுடன் திடல்வரை நடந்து வருவதாகவும் இருக்கலாம். நாள்காட்டியில் குளித்த நாளுக்கு ஒரு புள்ளி வைக்கும் பழக்கம் சில பிள்ளைகளுக்கு ஊக்கமளிக்கும். ஆனால், வீட்டுக்கு வருவோரெல்லாம் பார்க்கும் கூடத்துச் சுவரில் அதனை மாட்டுதல் கூடாது.

பல், தலை, நகம், ஆடை

மனநோய்க்குத் தரப்படும் மருந்துகளில் சில வாயை உலரச் செய்யும். உமிழ்நீர் குறைந்தால் பற்கள் விரைவில் சொத்தையாகும். ஆகவே, நாளுக்கு இருமுறை புளோரைடு கலந்த பற்பசையால் பல் துலக்குதல் வேண்டும். இருமுறை இயலாவிடின் உறங்குமுன் ஒருமுறையேனும் துலக்கட்டும். அதுவும் இயலாத நாளில் தண்ணீரால் நன்கு கொப்பளிக்கட்டும். வாய் உலர்கிறது என்று இனிப்புப் பானங்களைக் குடித்துக்கொண்டே இருந்தால் பல்லும் கெடும், உடல் எடையும் கூடும். பச்சைத் தண்ணீரே நல்லது.

தலைமுடி சிக்குப் பிடித்துப் பேன் மிகுந்துவிட்டால், பிள்ளை உறங்கும்போது வெட்டிவிடலாம் என்று எண்ணாதீர்கள். கேட்டு, இணங்கச் செய்து, சிறிது சிறிதாகக் கத்தரிக்கலாம். வேண்டுதல் என்று கூறி வலுக்கட்டாயமாக மொட்டையடிப்பது பிள்ளையைப் பிறர் நகைப்புக்கு ஆளாக்கும். கைநகம், கால்நகம் ஆகியவற்றை வாரம் ஒருமுறை பார்த்து வெட்டிவிட வேண்டும். விரலிடுக்கில் ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும் என்பதை மழைக்காலத்தில் பூட்சுக் காலணியுடன் நடக்கும் நாம் அறிவோம். பிள்ளையின் பாதத்தையும் துடைத்து உலர்த்தப் பழக்குவோம்.

ஆடையை மாற்ற மறுக்கும் பிள்ளைக்கு, விரும்பி அணியும் சட்டையைப் போன்றே இன்னொன்று வாங்கி வைப்பது எளிய வழி. ஒன்றைத் துவைக்கும்போது மற்றொன்று கையில் இருக்கும். பொத்தான் மிகுந்த சட்டையைவிடத் தலைவழி அணியும் பனியன் சட்டை அணிவதற்கு எளிது. படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை துவைத்துவிட்டால் குளிக்காத நாளிலும் வாடை குறையும்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல்

பெண்பிள்ளை நோயுற்றிருந்தால், உடல் தூய்மையில் உதவும் பொறுப்பைத் தாயோ, அக்காளோ, அத்தையோ, அப்பிள்ளை நம்பும் வேறொரு பெண்ணோ ஏற்க வேண்டும். மாதவிலக்கு நாள்களில் துணியோ பஞ்சுப் பட்டையோ மாற்ற மறந்துவிடக்கூடும். அந்நாள்களை நாள்காட்டியில் குறித்து வைத்து, வேண்டியவற்றை முன்னரே எடுத்து வைத்து, சில மணி நேரத்திற்கு ஒருமுறை மெல்ல நினைவூட்ட வேண்டும். நோயுற்றவள் தானே என்று பிறர் முன்னிலையில் ஆடை மாற்றச் செய்வது பெருங்குற்றம். ஆண்பிள்ளைக்கும் இம்மானம் உண்டு என்பதை மறத்தலாகாது.

மேலும் ஒன்று. ஆண்பிள்ளையாயினும் பெண்பிள்ளையாயினும், நேற்றுவரை இயல்பாகக் குளித்த பிள்ளை திடீரென ஆடை களையவும் குளியலறைக்குச் செல்லவும் அஞ்சினால், யாரேனும் அப்பிள்ளைக்குத் தகாத தீங்கு செய்திருக்கக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதட்டாமல், தனிமையில், அன்பாகக் கேளுங்கள். கூறினால் நம்புங்கள். காவல்துறையிலோ அரசாங்க மருத்துவமனையிலோ தெரிவியுங்கள். 15999 என்ற தாலியான் காசே தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம்.

மருந்தும் அதன் பக்கவிளைவும்

மருந்தினால் சில பிள்ளைகளுக்கு மிகுந்த உறக்கம் வரும். சிலருக்கு வாயில் நீர் ஒழுகும். சிலருக்கு எடை கூடித் தோல் மடிப்புகளில் வியர்வை தங்கிப் புண்ணாகும். வெயிலில் தோல் எளிதில் கருகுவதும் உண்டு. இவற்றைக் கண்டு அஞ்சி மருந்தை நாமே நிறுத்திவிடுதல் கூடாது. நிறுத்தினால் நோய் மீண்டும் கடுமையாகத் திரும்பக்கூடும். மருத்துவரிடம் கூறினால் அளவைக் குறைப்பார், வேளையை மாற்றுவார், அல்லது வேறு மருந்து தருவார். பகலெல்லாம் உறங்கும் பிள்ளைக்கு மருந்தை இரவு வேளையில் கொடுக்கலாமா என்று கேட்டறிவது பயன் தரும்.

வீட்டில் ஆபத்தான பொருள்கள்

மனச்சோர்வு கண்ட பிள்ளை, 'நான் இருந்து என்ன பயன்' என்று கூறினால் அதனை வெறும் பேச்சென்று தள்ளிவிடாதீர்கள். தோட்டத்து வீடுகளில் ஆபத்தான பொருள்கள் சில எளிதில் கைக்குக் கிடைக்கின்றன. பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலம், களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி, பால்வெட்டுக் கத்தி, சவரக் கத்தி ஆகியவை அத்தகையன. இவற்றில் வீட்டில் இருக்கக்கூடாதவற்றை வேலையிடத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள். எஞ்சியவற்றைப் பூட்டி வையுங்கள். பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லி நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டுத் தடைசெய்யப்பட்டுள்ளது. பழைய புட்டி எங்கேனும் கிடந்தால் அதனை வீட்டில் வைத்திராமல் நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிடுங்கள். சவரம் செய்யும் வயதுப் பையனுக்குத் தந்தை உடனிருந்து உதவலாம். மருந்து மாத்திரைகளையும் பெற்றோரே வைத்திருந்து வேளைக்கு எடுத்துக் கொடுப்பது நன்று.

உயிருக்கு ஆபத்தான நிலையில் 999 எண்ணை அழைக்க வேண்டும். மனத்துன்பத்தைப் பேசி ஆலோசனை பெறுவதற்கு, சுகாதார அமைச்சு 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய 15555 என்ற தொலைபேசி எண் உள்ளது. பிள்ளை மட்டுமன்றிப் பெற்றோரும் அதனை அழைக்கலாம்.

அண்டை வீட்டார் கடமை

ஒரு சுவருக்கு இருபுறமும் வாழ்பவர்கள் நாம். ஒரு வீட்டில் தாளித்தால் மறுவீட்டில் தும்முகிறோம். இத்தகைய நெருக்கத்தில் ஒரு பிள்ளையின் நோய் மறைந்திருக்காது. அதனைக் கேலிப்பொருளாக்குவதும், அப்பிள்ளைக்குத் துணையாக நிற்பதும் நம் கையில்தான் உள்ளன. சிறுவர்கள் அப்பிள்ளையைப் பார்த்து, 'பைத்தியம்' என்று கூவினால் முதலில் தடுக்க வேண்டியவர்கள் பெரியவர்களே. திடலில் பந்து விளையாடும் இளைஞர்கள், 'வா தம்பி, வந்து உட்கார்' என்று அழைக்கலாம். மருந்தகத்திற்குச் செல்ல வண்டியில்லாத குடும்பத்திற்கு மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் ஒரு நாள் உதவலாம். பள்ளியிலுள்ள ஆலோசக ஆசிரியரிடம் நிலைமையைத் தெரிவித்தால், பள்ளிக்கு மீண்டும் வரும் நாளில் பிள்ளை பிறர் நகைப்புக்கு ஆளாகாமல் அவர் பார்த்துக்கொள்ள வழியுண்டு.

பெற்றோரும் மனிதர்களே. நாள் முழுவதும் உழைத்துவிட்டு வந்து, மறுக்கும் பிள்ளையிடம் மீண்டும் மீண்டும் பொறுமையாகப் பேசுவது எளிதன்று. ஒரு நாள் தாய் பேசினால் மறுநாள் தந்தை பேசட்டும். சினம் மிகுந்தால் வெளியே சென்று சற்று நடந்துவிட்டு வாருங்கள். ஒரு நாள் கடுஞ்சொல் கூறிவிட்டால், 'அப்பா கோபத்தில் பேசிவிட்டேன்' என்று சொல்வதில் தாழ்வில்லை.

தொடக்கத்தில் கூறிய வீட்டுக்கு மீண்டும் செல்வோம். அங்கே தந்தை செய்ய வேண்டிய முதல் வேலை குளிக்கச் சொல்வதன்று. தாழிட்ட கதவின் வெளியே அமர்ந்து, 'ஐயா, அன்று நான் செய்தது தவறு. இனி உன்மேல் தண்ணீர் ஊற்ற மாட்டேன்' என்று சொல்ல வேண்டும். அச்சொல்லுக்கு அன்றே மறுமொழி வராமல் இருக்கலாம். நாள்கள் சில ஆகலாம். கதவு திறந்தபின் மருந்தகம், மருந்து, ஈரத் துண்டு, வாரத்திற்கு இரண்டு நாள் குளியல் என ஒவ்வொன்றாக வரும். இடையில் சில வாரம் பின்னடைவும் நேரும். அப்பொழுது மீண்டும் சிறிதிலிருந்து தொடங்க வேண்டும்.

உடம்பின் அழுக்கு ஒரு வாளி நீரில் போய்விடும். நாளை போக்கினாலும் போகும். பிள்ளைக்கு நம்மிடம் உள்ள நம்பிக்கையோ அவ்வாறு எளிதில் திரும்புவதன்று. ஆகவே, பெற்றோர்களே, முதலில் அந்நம்பிக்கையைக் காப்போம். அதனைக் காத்தால் மருந்தும் நடக்கும், குளியலும் நடக்கும். நம் பிள்ளை நம்மிடம் திரும்பி வரும்.